பைக் ஆயில் ஃபில்டர்: பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டம் என்றால் தண்ணீர், லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் என்றுதான் பேசுவோம். இன்று கீழே நிற்கும் பைக்குகளைப் பற்றிக் கொஞ்சம் பேசச் சொன்னார் செயலாளர். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு சின்ன ஃபில்டர் எனக்குப் பெரிய பாடம் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் சொந்த ஊர் திருமழபாடி. பங்குனியில் அங்கே நந்தி கல்யாணம். அதைப் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வருடம், நானும் மனைவியும் அவன் பைக்கில் கிளம்பினோம். முதல் நாள்தான் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருந்தது. லால்குடி தாண்டியதும் இன்ஜினில் கடகடவென்று சத்தம். ஊர் பக்கம்தானே என்று ஓட்டினேன். சிறிது தூரத்தில் இன்ஜின் இறுகி, பின்சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினோம். பின்னாலேயே ஒரு சிமென்ட் லாரி. மனைவி அன்று பேசவே இல்லை.

பிரித்துப் பார்த்தால், ஃபில்டரைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அந்த வகை ஃபில்டரில் ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் மூடல். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் மூடல் உட்கார்ந்துவிட்டதால், ஆயில் இன்ஜின் தலைக்குப் போகவே இல்லை. சர்வீஸ் நடந்தபோது நான் டீ குடிக்கப் போயிருந்தேன். காலமெல்லாம் வவுச்சரைச் சரிபார்த்தவன், அன்று பில்லைக்கூடப் படிக்காமல் பணம் கட்டினேன். தவறில் என் பங்கும் உண்டு.

காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியருக்கு வேறு ஆயில். நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். மூன்றிலும் தேயும் தூள் அதில்தான் சேரும். அதைப் பிடித்து வைப்பதுதான் ஃபில்டரின் வேலை. கார் ஆயிலை மிச்சமிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில், நம் வண்டியில் இருப்பது என்ன வகை என்று தெரிய வேண்டும். ஸ்பிளெண்டரில் மாற்றக்கூடிய காகித ஃபில்டரே கிடையாது. சுழலும் கிண்ணம் ஒன்று அழுக்கை ஓரத்துக்குத் தள்ளும். கீழே ஒரு கம்பி வலையும் உண்டு. இரண்டையும் கழுவிப் போடுவதுதான். ஆக்டிவாவிலும் வலைதான். இவற்றுக்கு ‘ஆயில் ஃபில்டர்’ என்று பில் வந்தால், எது என்று கேளுங்கள். ஏர் ஃபில்டராக இருக்கலாம். பல்சர் போன்றவற்றில் சின்ன மூடிக்குள் காகித ஃபில்டர். 1956 முதல் நம் திருவொற்றியூரில் உருவான புல்லட்டிலும் ஃபில்டர் மூடிக்குள்தான். அதே கம்பெனியின் 650 சிசி வண்டிகளில், காரில் இருப்பதுபோல் வெளியே திருகும் டப்பா ஃபில்டர்.

இனி வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில்தான் அழுக்கோடு இறங்கும். கொதிக்கும்போது தொட வேண்டாம். டிரெயின் போல்ட்டைக் கழற்றி முழுவதும் வடிய விடுங்கள். பிறகு ஃபில்டர் மூடியைத் திறக்கும்போது, ஸ்பிரிங் எங்கே இருந்தது, ஓட்டை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்த ஒரு படம்தான். பல ஃபில்டர்களில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று எழுதியே இருக்கும்.

ஓ-ரிங்கையும் டிரெயின் போல்ட் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். சில ரூபாய் சமாச்சாரம். அதில் சிக்கனம் பார்த்தால் ஆயில் கசியும். ஓ-ரிங்கில் புது ஆயிலைத் தடவிப் பொருத்துங்கள். டப்பா ஃபில்டர் என்றால், பழைய ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். போல்ட்டை ஓங்கி முறுக்க வேண்டாம். இன்ஜின் அலுமினியம், மரை போனால் செலவு பெரிது.

ஊற்றும் அளவைக் கையேட்டில் பாருங்கள். ஆயில் மட்டும் மாற்றினால் ஓர் அளவு, ஃபில்டரோடு மாற்றினால் கொஞ்சம் கூடுதல் என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். ஊற்றியதும் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓட விட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்து அளவு பாருங்கள். ஆயில் விளக்கு இருக்கும் வண்டி என்றால் அது அணைகிறதா, கசிவு உண்டா என்றும் பாருங்கள். சத்தம் மாறினால் உடனே நிறுத்துங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

கடைசியாக, பழைய ஆயில். இது 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. நம் பார்க்கிங்கில் 40 பைக் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு லிட்டர் என்றால் 80 லிட்டர். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது எங்கே போகும்? திருமழபாடியில் கொள்ளிட மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மண்ணுக்குள் போனது தண்ணீருக்குள் வராமல் இருக்காது. நம் போர்வெல்லும் அப்படித்தான். எனவே வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு கேன் வைத்து, நிரம்பியதும் மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் சங்கமே ஒப்படைக்கலாம் என்பது என் யோசனை.

எல்லோரும் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மெக்கானிக் தம்பியிடமே கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு என ஒரு நோட்டில் எழுதுங்கள். நாமும் நம்மை நம்பிப் பின்னால் உட்காருபவர்களும் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும்.