கட் என்றால் எதிலே கட்?

டெல்லிவாழ் தமிழர்களுக்கு சரோஜினி நகர் சந்தையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய துணிகள் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். ஒரு சட்டையின் காலரைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி பெயர் போட்ட லேபிள் பாதியில் கத்தரிக்கப்பட்டு, இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தன் பெயரில் மலிவு விலைச் சரக்கு போகக் கூடாது என்பது கம்பெனியின் கவலை. கடைக்காரருக்கோ அதுவே விளம்பரம். "லேபிள் கட், ஒரிஜினல் மால் (சரக்கு)!" என்பார்.

சந்தையை விட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினால் ஓட்டுநர், "அகலே கட் ஸே?" (அடுத்த கட்டிலா?) என்று கேட்பார். சாலைத் தடுப்பில் வண்டி திரும்ப விட்டிருக்கும் இடைவெளிதான் இந்தக் கட். மெட்ரோவில் மூன்று நிலையம் தள்ளி டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம். அங்கே கட் என்றால் கட் ஆஃப், அதாவது கல்லூரியில் சேரத் தேவைப்பட்ட குறைந்தபட்ச மதிப்பெண். 2011இல் அதே பல்கலைக்கழகத்தின் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காதவர்களுக்கு 100 சதவீதம் என்று கட் ஆஃப் அறிவித்து நாட்டையே திகைக்க வைத்தது. 2022இல் பொது நுழைவுத்தேர்வு வந்த பிறகுதான் அந்தப் பட்டியல்கள் ஓய்ந்தன.

நம் தமிழ்நாட்டில் மட்டும் என்ன குறைச்சல்? கரண்ட் கட், சம்பளத்தில் கட், கிளாஸ் கட், போன் கட். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், தியேட்டர் வாசலில் கட் அவுட். கறாராகப் பேசுகிறவரை 'கட் அண்ட் ரைட்' ஆசாமி என்கிறோம். லண்டன்காரரிடம் இதைச் சொன்னால் விழிப்பார். அது நம் சொந்தத் தயாரிப்பு.

ஆங்கிலத்தில் எதை வெட்டினாலும் பெரும்பாலும் கட் என்ற ஒரு சொல்லே போதும். தமிழ் அப்படியல்ல, பொருளைப் பார்த்து வினையை மாற்றும். கதிரை அறுக்கிறோம், கீரையை அரிகிறோம், காயை நறுக்குகிறோம், துணியைக் கத்தரிக்கிறோம், பென்சிலைச் சீவுகிறோம், பூவைக் கொய்கிறோம். மின்சாரமும் தொலைபேசியும் கல்லூரி வகுப்பும் பின்னால் வந்தவை. கத்தியில்லாமல் நடக்கும் அந்த வெட்டுகளுக்குத்தான் பெரும்பாலும் 'கட்' என்ற சொல்லைக் கடன் வாங்கினோம்.

கோடரி வந்துவிட்டால் பேச்சு மாறிவிடும். 2018 ஜூனில், சரோஜினி நகர் உட்பட ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான மரங்களை அகற்றத் திட்டமிட்டார்கள். மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துப் போராடினார்கள். டெல்லி உயர் நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது. அந்தச் சேதியைத் தமிழில் சொல்லும்போது 'மரம் கட்' என்பதில்லை. மரத்தை வெட்டுகிறார்கள் என்றுதான் சொல்வோம்.

கடன் வாங்கியதில் தவறில்லை, கையிருப்பைத் தொலைப்பதுதான் தவறு. இப்போது சமையலறையிலும் 'வெங்காயம் கட் பண்ணு' என்ற குரல் கேட்கிறது. கரண்ட் கட் ஆகட்டும், போன் கட் ஆகட்டும். வெங்காயத்தை மட்டும் நறுக்கியே சமையுங்கள்.