தமிழ்க்கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் ஏதாவது கதை தம்பி, ஆனால் அரசியல் வேண்டாம்" என்று சொன்னவர். அரசியல் இல்லாத விஷயம் என்ன இருக்கு என்று யோசித்துப்போட்டு, நாங்கள் சனிக்கிழமைகளில் தமிழ்க்கடையில் வாங்கும் சாப்பாட்டுச் சாமானைப் பற்றிக் கதைப்போம் என்று வந்தேன். அண்ணை, இதுக்குள்ளேயும் கொஞ்சம் அரசியல் வரும், கோபிக்க வேண்டாம்.

இங்கே ஜேர்மனியில் தமிழ்க்கடை என்றால் எங்களில் பலருக்கு ஒரு முறைப்பாடுதான் முதலில் வாயில் வரும். விலை கூட. முருங்கைக்காய் இரண்டு வாங்க வேலையில் அரை மணித்தியாலம் நிற்கவேண்டும் என்று பகிடியாகச் சொல்லுவோம். உண்மைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முந்தி ஊரிலிருந்து ஆராவது வந்தால் பெட்டிக்குள் கறிவேப்பிலை, முருங்கைக்காய், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எல்லாம் வரும். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதியோடு அது முடிந்தது. அன்றிலிருந்து இலங்கை, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வருகிற ஆள் பயணப்பெட்டியில் மரக்கறி, பழம், பச்சை இலை எதைக் கொண்டுவந்தாலும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். விதிவிலக்கு ஐந்தே ஐந்து: அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், தூரியான். தூரியான் எங்கட ஆட்கள் ஆர் கொண்டுவரப்போகினம்! இறைச்சியும் பால் சாமானும் அதுக்கு முதலே தடை. நெய்ப் போத்தல் கொண்டுவந்து விமான நிலையத்தில் பறிகொடுத்த மாமிமார் இந்த மண்டபத்திலும் இருக்கினம். கருவாட்டுக்கு மட்டும் இடம் விட்டிருக்கினம், ஒரு ஆளுக்கு 20 கிலோ வரையில்.

ஆகவே ஒரு பிடி பச்சைக் கறிவேப்பிலைக்கும் இப்போது எங்களுக்கு இருக்கும் வழி அந்தக் கடைதான். அதுவும் சில கிழமை வராது. கேட்டால் கடைக்காரர் "பிடிச்சிட்டாங்கள்" என்பார். நாங்கள் நினைப்பது அவர் விலை ஏற்றப் பதுக்கிறார் என்று. அப்படியில்லை. இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியம் பல வருடமாக விசேட சோதனை வைத்திருக்கிறது. சோதனையில் விழுந்தால் அந்தப் பெட்டி கடைக்கு வராது. அதனால் நல்ல இலை வரும் கிழமையில் இரண்டு பைக்கற்றாக எடுத்து, கழுவி, துணியில் ஈரம் வாங்கி, ஈர்க்கோடேயே பையில் போட்டு பிறீசருக்குள் வையுங்கள். வெளியே எடுத்து இளகவிடக்கூடாது, கறுத்துப்போகும். எடுத்த கையோடு நேரே கொதி எண்ணெய்க்குள் போடவேண்டும். காய்ந்த இலை விற்பார்கள், அதை வாங்குவதும் தேயிலைச் சக்கையை வாங்குவதும் ஒன்றுதான்.

மாச் சாமானுக்கு வருவோம். புட்டுக்கு அவித்த கோதுமை மா பைக்கற்றில் வாங்கத் தேவையில்லை என்பது என்னுடைய கருத்து. ஜேர்மன் சுப்பர்மாக்கற்றில் 405 என்று இலக்கம் போட்ட சாதாரண மா போதும். துணியில் தளர்வாகக் கட்டி, நீராவியில் அவித்து, சூட்டோடு உதிர்த்து அரித்து வைத்தால் ஒரு மாதத்துக்குப் பயமில்லை. அந்தக் காசை நல்ல சிவப்பரிசி மாவுக்குக் கொடுங்கள். வாங்கும்போது வறுத்த மாவா, வறுக்காத மாவா என்று பையைத் திருப்பிப் பாருங்கள். இடியப்பம் உரலுக்குள்ளேயே இறுகி நிற்கிறது என்று மனிசியைப் பேசுகிற அண்ணாமார், பேச முதல் அந்த எழுத்தை ஒருக்கால் வாசிக்கவேணும்.

மிளகாய்த்தூள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நான் வேலை செய்வது சாப்பாட்டுச் சாமான் பொதி செய்யும் தொழிற்சாலையில், திகதியும் விபரமும் அடிக்கிற மெசினில். அதனால் பைக்கற்றின் பின்பக்கத்தை வாசிப்பது எனக்கு நோய் மாதிரி. இங்குள்ள சட்டப்படி பைக்கற்றுக்குள் எது நிறை கூடவோ அதுதான் பட்டியலில் முதலில் நிற்கவேண்டும், அடுத்தது அடுத்ததாக. யாழ்ப்பாணத்துத் தூள் என்றால் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை வறுத்து அரைத்தது. முன்பக்கத்தில் பனைமரமும் படமும் போட்டு, பின்பக்கத்தில் உப்பும் அரிசி மாவும் முன்வரிசையில் நின்றால் அந்தப் பைக்கற்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். படத்துக்கு உறைப்பு இல்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டில் வறுத்து அரைத்த தூளுக்கு ஈடு வராது என்று அம்மாமார் சொல்லுவினம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த மாடிவீடுகளில் புகை அலாரம் இருக்கு. செத்தல் வறுத்து அலாரம் அடித்து, கீழ்வீட்டு ஜேர்மன் பாட்டி இரவுடுப்போடு ஓடிவந்த கதை எங்கள் கட்டடத்திலேயே நடந்தது. இப்போது அந்தப் பாட்டிக்கு நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை பருப்புக்கறி கொடுத்தனுப்புவோம்.

இனித் திகதி. ஜேர்மன் பாஷையில் நாக்குச் சுளுக்கும் நீளமான ஒரு சொல் இருக்கு. அதன் பொருள் "குறைந்தது இந்தத் திகதி வரை நல்லது" என்பது. அரிசி, பருப்பு, தூள் போன்ற காய்ந்த சாமான் அந்தத் திகதி தாண்டியும் பழுதாகாமல் இருந்தால் விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. கடைக்காரர் அதை வெளிப்படையாகச் சொல்லி அரைவிலைக்குத் தந்தால் நான் சந்தோஷமாக வாங்குவேன். பச்சை மீன், இறைச்சிக்கு வேறு வசனம் போடுவார்கள், "இந்தத் திகதிக்குள் பாவித்து முடிக்கவும்" என்று. அது தாண்டினால் தொடவே கூடாது. இந்த இரண்டு வசனத்தையும் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுவது பிள்ளைகள் செய்யவேண்டிய வேலை. பைக்கற்றில் வெள்ளை ஒட்டுத்தாள் இருக்குது என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம். விபரம் ஜேர்மன் மொழியில் இருக்கவேண்டும் என்பதற்காக இறக்குமதி செய்பவர்கள் ஒட்டுவது அது. ஆனால் அந்தத் தாள் பழைய திகதிக்கு மேலே ஒட்டப்பட்டு, அதில் புதுத் திகதி இருந்தால் அது வேறு கதை. ஒரு கடையில் எனக்கு அப்படி நடந்தது. கடலைமா. வீட்டில் பிரித்தால் வண்டு. திருப்பிக்கொண்டுபோனால், "எங்கட ஆக்களே எங்களைக் காட்டிக்குடுக்கிறதோ" என்று கேட்டார்கள். எங்கட ஆக்களுக்கே பழுதானதைக் குடுக்கிறதோ என்று நானும் கேட்டேன். அந்தக் கடைப் பக்கம் பிறகு போகவில்லை.

நல்லெண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விளக்கெரிக்கும் எண்ணெயும் சமையல் எண்ணெயும் ஒரே தட்டில், ஒரே நிறப் போத்தலில் நிற்கும். சாமி படம் இருந்தால் சமையலுக்கு என்று எடுக்கக்கூடாது, வாசிக்கவேண்டும். சீனக்கடையில் விற்கும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, தோசைக்குச் சரிவராது. எள்ளைப் பொறுத்தவரை 2020 செப்ரெம்பர் தொடக்கம் ஐரோப்பா முழுக்க ஒரு கலவரம் நடந்தது. இந்திய எள்ளில் எதிலீன் ஒக்சைட் என்ற கிருமிகொல்லி வாயுவின் எச்சம் கண்டுபிடித்து, பாண் தொடக்கம் பிஸ்கற் வரை எள்ளுப் போட்ட எத்தனையோ சாமானைத் திருப்பி எடுத்தார்கள். எங்களுடைய கடைகள் மட்டும் பிடிபடவில்லை, பெரிய ஜேர்மன் கடைகளும்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தமிழ்க்கடைச் சாமான் என்றாலே சுத்தம் குறைவு என்று எங்கள் பிள்ளைகள் சிலர் நினைக்கினம்.

மீனைப் பற்றி ஒரு வசனம். 2015 ஜனவரியிலிருந்து 2016 ஜூன் வரை இலங்கைப் படகுகள் பிடிக்கும் மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது, சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று. அந்த ஒன்றரை வருடம் வேறு நாட்டு மீனை வாங்கப் பழகினோம். சிலர் இன்னும் அதையே வாங்குகிறார்கள். எந்தக் கடலில் பிடித்தது என்று பெட்டியில் எழுதியிருக்கும்.

இன்னொன்று, இது கடைக்குள் நின்று மனம் குழம்பிய கதை. 2020இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது. அந்த நேரம் அம்மா தொலைபேசியில், "தம்பி, உங்க கடையில மஞ்சள் கிடக்கோ? என்ன விலை?" என்று கேட்டா. நான் அப்போது கடையில்தான் நிற்கிறேன். எனக்கு முன்னால் தட்டு நிறைய மஞ்சள், அரைக் கிலோவும் ஒரு கிலோவுமாக. அனுப்பவும் வழியில்லை, விமான நிலையமும் மூடியிருந்தது. "இருக்கம்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்த்துச் சொல்லுறன்" என்றேன். 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் அங்கே வரிசையில் நின்ற காலத்தில், இங்கே அதே தட்டில் மெலிபன் லெமன் பஃப், மஞ்சி பிஸ்கற், நெக்டோ சோடா எல்லாம் அடுக்கி இருந்தது. பிள்ளைகள் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், நான் குறை சொல்லவில்லை, எனக்கும் லெமன் பஃப் பிடிக்கும். ஆனால் கூடையில் அது மட்டும்தான் ஊர்ச் சாமான் என்றால் எனக்குக் கவலை.

அங்கே எங்களுடைய ஆட்கள் கையால் செய்து அனுப்பும் சாமான் எது என்று தேடினால் பனையில்தான் போய் நிற்கும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பனங்கொட்டையைப் பாத்தி போட்டால் கிழங்கு வரும். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பல்லு நல்லாயிருக்கிற ஆட்கள் தேங்காய்ச் சொட்டோடு சப்பலாம். ஒடியலை இடித்தால் ஒடியல் மா. பழத்தின் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. பதநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. யுத்தத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிபட்டதுபோக மிஞ்சிய மரங்களை நம்பி இன்னும் குடும்பங்கள் சீவிக்குது. கிழங்கு கிழிப்பதும் காயவைப்பதும் பெரும்பாலும் பெண்கள். அதில் கணவனை இழந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் கடைக்காரர் அண்ணையிடம் ஒடியல் மா கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "போனமுறை இருபது பைக்கற் எடுத்தனான் தம்பி. எட்டுத்தான் போனது. மிச்சம் வண்டடிச்சு எறிஞ்சனான். இனி எடுக்கிறதெண்டால் ஆர் வாங்கிறதெண்டு சொல்லுங்கோ." அவரில் பிழை இல்லை. அவர் கடைக்கும் வாடகை இருக்கு. எங்களில் பலர் அவருடைய கொப்பியில் கடனும் வைத்திருக்கிறோம், அதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். வாங்காத சாமானை ஒருவரும் இறக்கமாட்டினம். வாங்கிற வயதுபோன ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைய, அந்தத் தட்டில் வேறு ஏதாவது வந்து இருக்கும்.

நான் அவரிடம் பன்னிரண்டு பைக்கற்றுக்குச் சொல்லி எடுப்பித்தேன். அதில் ஐந்து இன்றைக்குப் பின்னால் குசினியில் கூழாகக் கொதித்துக்கொண்டிருக்கு, உங்களுக்கு மணம் வந்திருக்கும். மாவை நேற்று இரவே தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டோம், கைப்புப் போக அப்படித்தான் செய்யவேண்டும், நன்றாகக் கொதிக்கவும் வேண்டும். நண்டு, இறால், மீன், மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் அதே கடையில் வாங்கியது. முருங்கையிலை கிடைக்கவில்லை, ஜேர்மன் கீரைதான். பிழா கோலப் பனையோலையும் இல்லை, கடதாசிக் கோப்பைதான். சைவமான ஆட்களுக்குச் சின்னப் பானை இடப்பக்கம், அகப்பையை மாற்றிப் போடாதேங்கோ. மிச்சம் ஏழு பைக்கற் வாசல் மேசையில் இருக்கு, கடை விலைதான், காசு நேரே கடைக்காரர் அண்ணைக்குப் போகும், கொப்பியில் எழுத ஏலாது. பிள்ளைகள் முதலில் வரிசைக்கு வாருங்கோ, உறைப்புக் காணாவிட்டால் சொல்லுங்கோ.