கௌப்பி போட நிலம் கேட்போம்

(கண்டி மாவட்டத் தோட்ட மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோதுமை மாவும் பருப்பும் கைக்கு எட்டாத விலைக்குப் போயின. அந்த ஜூன் மாதம் அரசாங்கம், வீட்டில் பயிர் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது. நல்ல விஷயந்தான். நமக்கோ பேர் விழுந்தால்தான் சம்பளம். லீவும் இல்லை, போட நிலமும் இல்லை.

கௌப்பியை ஏன் சொல்கிறேன் என்றால், நுவரெலியாக் குளிர் அதற்கு ஆகாது. கண்டி, கம்பளைப் பக்கத்துச் சூட்டில் நன்றாக வரும். காய்ந்த பயறு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். மலையில் கொழுந்து எடுப்பவருக்கு ரொட்டியும் சம்பலும் மட்டும் எப்படிப் போதும்? அவித்துத் தேங்காய்ப்பூ போட்டால் காலைச் சாப்பாடு முடிந்தது. இளங்காயும் கறிக்கு ஆகும், கொழுந்து இலையைச் சுண்டலாம்.

சரிவில் பாத்தியைக் குறுக்காகப் போடுங்கள். கான் வெட்டிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி அரை அடி, ஆழம் ஒரு அங்குலம். யூரியாவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலிருந்தே நைதரசனை எடுத்துக் கொடுக்கும். கொஞ்சம் மாட்டெரு போதும்.

முதல் மூன்று வாரந்தான் கண்டம். சின்னக் கறுப்பு ஈ ஒன்று இலையில் முட்டையிடும். புழு தண்டுக்குள் இறங்கி அடியை அரிக்கும். அடி வீங்கி வெடித்து, செடி மஞ்சளாகிச் சாயும். முளைத்ததும் வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்பினால் ஈ குறையும். செத்ததைப் பிடுங்கி எரித்துவிட்டு, மற்றதற்கு மண் அணையுங்கள். புதுவேர் விட்டுப் பிழைக்கும். தோட்டத்து மருந்துக் கேனில் மிச்சம் இருக்கிறதே என்று கொண்டுவந்து மட்டும் அடிக்காதீர்கள். பிள்ளைகள் தின்னும் காய் அது.

நவம்பர் நடுவில் போட்டால், பெருமழை ஓய்ந்த தை மாதத்தில் காய் முற்றும். காய்ந்ததும் பறித்துவிடுங்கள், மழையில் நின்றால் காய்க்குள்ளேயே முளைத்துவிடும். விதைக்கு எடுப்பதை நன்றாக உலர்த்தி, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் பிசறிப் போத்தலில் மூடினால் வண்டு விழாது. அடுத்த தடவை விதைக்குக் கடைக்குப் போக வேண்டாம்.

இனி நிலத்துக்கு வருகிறேன். லய ஓரத்தில் நாலு செடி வைத்தாலே பிடுங்கச் சொல்லும் தோட்டங்கள் இருக்கின்றன. நமக்கு முன்பு பேசப்பட்ட 7 பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடும் கக்கூசும் பாதையும் போக மிஞ்சுவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: கௌப்பி சம்பளத்துக்குப் பதில் இல்லை. 'உங்களிடந்தான் வீட்டுத் தோட்டம் இருக்கிறதே' என்று பேச்சுவார்த்தையில் எவராவது ஆரம்பித்தால், அங்கேயே மறுக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு லயத்திலும் சும்மா கிடக்கும் இடத்தை அளந்து எழுதுங்கள். எந்தக் காம்பராவுக்கு எவ்வளவு என்று குறித்து, எல்லோரும் கையெழுத்து வைத்து, அக்டோபர் முடிவதற்குள் தலைவர் மூலம் நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு பிரதி மாதர் சங்கத் தலைவியிடம் இருக்கட்டும்.