ஆடாத ஆட்டமும் வீணல்ல

(சபையின் ஆண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகள், பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேர் சொக்கர் விளையாடுகிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்க்கலாம். நன்றி, இறக்கலாம். தம்பிமாரின் கைகள் நிறைய உயர்ந்தன. சின்னத் தங்கச்சிமாரின் கைகளும் உயர்ந்தன. ஆனால் பெரிய வகுப்பு அக்காமாரின் கைகள் உயரவில்லை. எட்டு வயதில் ஓடித் திரிந்த பிள்ளைகள் பதின்மூன்று வயதில் எங்கே போனார்கள்? இதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய பெயர் இந்துமதி கதிரேசன். தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்தவர். இந்தியாவின் தேசியப் பெண்கள் அணியில் நடுக்களத்தில் ஆடியவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி எங்கள் முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் அழித்த சுனாமி, அதே காலையில் கடலூர்க் கரையையும் அழித்தது. அதற்குப் பின்னான ஆண்டுகளில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் அங்கே பெண்பிள்ளைகளைத் திரட்டி உதைபந்தாட்டம் பழக்கினார். அந்தச் சிறிய ஊரிலிருந்து ஒருவர் பின் ஒருவராகத் தேசிய அணிக்குப் போனார்கள்.

2018ஆம் ஆண்டு ஒடிசாவின் கட்டாக் நகரில் நடந்த தேசியப் போட்டியில், பல தடவை சம்பியனான மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகக் கிண்ணம் எடுத்தார்கள். இந்துமதியும் அந்த அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு நேபாளத்தின் பிராட்நகரில் இந்தியா தெற்காசியச் சம்பியன் ஆனபோதும் அவர் இருந்தார்.

இதெல்லாம் பத்திரிகையில் வரும் செய்தி. வராதது என்ன? இந்துமதி தமிழ்நாடு பொலிஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020இல் கொவிட் வந்து மைதானங்கள் மூடப்பட்டபோது அவர் வீட்டில் இருக்கவில்லை. காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டு சென்னையில் கடமையில் நின்றார். தேசிய வீராங்கனையின் வாழ்க்கை என்றால் மைதானமும் கைதட்டலும் என்று நினைக்கிறோம். ஒரு ஆட்டம் தொண்ணூறு நிமிடம். மற்ற நாட்களெல்லாம் பயிற்சி, வேலை, முகாம், பெட்டி கட்டுதல், விமான நிலையம், மறுபடியும் பயிற்சி. வீட்டில் நடக்கும் கலியாணமும் பிறந்தநாளும் தொலைபேசியில்தான்.

2021 நவம்பரில் இந்திய அணி பிரேசிலின் மனாஸ் நகருக்குப் போய் முதன்முறையாகப் பிரேசில் பெண்களை எதிர்த்து ஆடியது. இந்தியாவுக்கும் மனாஸுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். கோடையில் ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் உள்ள அதே வித்தியாசம்தான். ஊருக்குப் போய் இறங்கினால் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடம்பு சரிவரும். அந்த உடம்போடு உலகின் தலைசிறந்த அணி ஒன்றுக்கு எதிராக ஓட வேண்டும். 6-1 என்று தோற்றார்கள். ஆனால் அந்த ஒரு கோலை மனிஷா கல்யாண் என்ற இளம் பிள்ளை அடித்தார். எதிரணியில் நின்றவர்களில் 43 வயதான ஃபோர்மிகாவும் ஒருவர். அது அவருடைய பிரியாவிடை ஆட்டம். என் வயதுக்காரிகளே, கேட்டீர்களா? நாற்பத்து மூன்று!

இந்தப் பயணமெல்லாம் ஒரு பெரிய போட்டிக்கான ஆயத்தம். 2022 ஜனவரியில் ஆசியக் கிண்ணம் இந்தியாவிலேயே, மும்பாய்ப் பக்கத்தில் நடந்தது. நன்றாக ஆடினால் உலகக் கிண்ணத்துக்கே போகலாம். ஜனவரி 20ஆம் திகதி ஈரானோடு முதல் ஆட்டம், 0-0. மூன்று நாள் கழித்து அடுத்த ஆட்டம். அதற்குள் அணியில் பலருக்குக் கொவிட் தொற்று. விதிப்படி களமிறக்க வேண்டிய பதின்மூன்று பேர்கூட மிஞ்சவில்லை. ஆட்டம் நடக்கவில்லை. இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கணிக்கப்பட்டது. ஈரானோடு ஆடிய ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. மாதக்கணக்கான உழைப்பு, ஏட்டில் ஒரு வரிகூட இல்லை.

அந்த ஜனவரியில் நானும் இங்கே ஒமிக்ரோன் நோயாளிகளோடு இரவுக் கடமையில் இருந்தேன். எத்தனையோ பேருக்குப் பரிசோதனை முடிவைச் சொல்லியிருக்கிறேன். மூக்கில் விட்டு எடுக்கும் ஒரு சிறு குச்சி, ஒரு பிள்ளையின் பல வருடக் கனவை முடித்துவிடும் என்பதை அந்தச் செய்தி வாசித்தபோதுதான் யோசித்தேன்.

பிறகு என்ன நடந்தது? திரும்பவும் பயிற்சிக்குப் போனார்கள். 2023இல் அமிர்தசரஸில் தமிழ்நாட்டுப் பெண்கள் இரண்டாவது முறையாகத் தேசியக் கிண்ணம் வென்றார்கள். 2025 ஜூலை 5ஆம் திகதி இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அவர்களுடைய மண்ணிலேயே 2-1 என்று வென்று அடுத்த ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். போட்டியை நடத்தும் நாடு என்ற சலுகையில் அல்ல, தகுதிச் சுற்றில் ஆடி வென்று. ஆடாமல் போன ஆட்டத்துக்குச் செய்த ஆயத்தம் வீணாகவில்லை.

இங்கேயும் பாருங்கள். 2021 ஓகஸ்ட் 6ஆம் திகதி யோக்கஹாமாவில் சுவீடனை வென்று கனடாப் பெண்கள் ஒலிம்பிக் தங்கம் எடுத்தபோது நாங்கள் எல்லோரும் சத்தம் போட்டோம். அந்த அணியின் நிஷேல் பிரின்ஸ் அஜாக்ஸில் பிறந்தவர். கடீஷா புக்கானன் பிரம்டனில் வளர்ந்தவர். எங்கள் பிள்ளைகள் போகிற அதே மாதிரி மைதானங்களில்தான் அவர்களும் தொடங்கினார்கள். ஆனால் அந்தத் தங்கத்தை வென்ற நாளில் கனடாவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் இருக்கவில்லை. பிழைப்புக்காக அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போக வேண்டியிருந்தது. முன்னாள் வீராங்கனை டயானா மதிசன் முன்னின்று உழைத்து, 2025 ஏப்ரலில்தான் நோர்தேர்ன் சூப்பர் லீக் ஆறு அணிகளோடு தொடங்கியது. ரொறன்ரோ அணி யோர்க் பல்கலைக்கழக மைதானத்தில் ஆடுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இப்போது பெற்றோரோடு ஒரு வார்த்தை. என் மகளும் பதின்மூன்று வயதில் விளையாட்டை நிறுத்தினாள். உண்மையில் நிறுத்தியது அவள் அல்ல, நான். சனிக்கிழமை கணித வகுப்பு என்றேன். இரவுக் கடமை முடிந்து வந்து உன்னை ஏற்றி இறக்க ஏலாது என்றேன். வெயிலில் கறுத்துப் போகிறாய் என்றும் சொன்னேன். அதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவள் தேசிய அணிக்குப் போயிருப்பாள் என்று சொல்லவில்லை. போயிருக்க மாட்டாள். ஆனால் தோற்றுவிட்டு அடுத்த நாள் திரும்பிப் போவது எப்படி என்று அவள் பழகிக்கொண்டிருந்த இடத்தை நான் மூடிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் அகில இலங்கைக் கிண்ணங்களை வெல்கிறார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். அதே பெருமையை எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாமே.

ஒரு தாதியாக மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, நித்திரை. பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். அதைக் குறைத்துக்கொண்டு படிப்பையும் விளையாட்டையும் கூட்ட முடியாது. இரண்டு, இரும்புச் சத்து. மாதவிடாய் தொடங்கிய பிள்ளை ஓடக் களைக்கிறாள் என்றால் சோம்பல் என்று ஏசாதீர்கள். குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மூன்று, முழங்கால். உதைபந்தாட்டத்தில் முழங்கால் இணைப்புத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம். ஃபீஃபா 11 பிளஸ் என்ற இருபது நிமிட உடற்பயிற்சியை ஆட்டத்துக்கு முன் ஒழுங்காகச் செய்தால் காயங்கள் குறைகின்றன. உங்கள் பிள்ளையின் பயிற்சியாளர் அதைச் செய்விக்கிறாரா என்று கேளுங்கள்.

அடுத்தது, பலர் என்னிடம் கேட்கும் கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வந்தால் என்ன செய்வது? ஆராதனை முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பருவம் தொடங்கும்போதே பயிற்சியாளரிடம் எங்கள் ஆராதனை நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பலர் மதிப்பார்கள். அப்படியும் சில ஞாயிறுகள் தவறும். அப்படி ஒரு நாளில் சேறு பட்ட சீருடையோடு ஒரு பிள்ளை பின்வாசலால் வந்து கடைசி வாங்கில் இருந்தால், தயவுசெய்து புருவத்தை உயர்த்தாதீர்கள். அவள் வந்திருக்கிறாள். பக்கத்தில் இடம் விட்டு ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். ஒரு பார்வையால் அவள் மைதானத்தையும் விடலாம், ஆலயத்தையும் விடலாம்.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதும்போது பந்தய வீரரின் இச்சையடக்கத்தை உதாரணமாக எடுத்தார். கொரிந்துக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கும். அந்த மக்களுக்கு விளங்கும் என்று தெரிந்துதான் எழுதினார். பந்தயத்துக்கு முந்தின நாட்களை அவர் கண்டிருந்தார். யாரும் பார்க்காத அந்த நாட்களை ஆண்டவரும் காண்கிறார்.

பெரிய வகுப்பு அக்காமாரே, அடுத்த வருடம் இதே கேள்வியை நான் கேட்பேன். உங்கள் கைகளையும் பார்க்க ஆசை. பிள்ளைகளை மைதானத்துக்கு ஏற்றிக்கொண்டு போக ஆளில்லாத வீடுகள் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். இப்போது எனக்குச் சனிக்கிழமை காலை ஓய்வுதான். என் வாகனத்தில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.