எல்லைச் சட்டமும் எளிய குடிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இசையையும் நாடகத்தையும் எதிர்நோக்கி வந்திருக்கும் அவையில் சட்டத்தைப் பற்றிப் பேச எழுவோர்க்குக் கைதட்டல் குறைவாகவே கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், பிழைப்பின் பொருட்டு மொழி வேறாகிய மண்ணில் வந்து வாழும் நமக்கு, ‘இவர் இம்மண்ணுக்கு உரியவரா, அயலாரா?’ என்னும் வினா பிறர் வீட்டு வினா அன்று. அவ்வினாவை ஒரு மாநிலம் முழுவதும் எழுப்பி, வீடுதோறும் விடை கேட்ட இடம் அஸ்ஸாம். அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

அஸ்ஸாமியர் பக்கத்து நியாயத்தை முதலிற் சொல்லிவிடுதல் முறை. 1979-இல் மங்கள்தோய் மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தலுக்கு ஆயத்தம் நடந்தபொழுது, எல்லை கடந்து வந்தோர் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏராளமாய் ஏறியுள்ளன என்ற முறையீடு எழுந்தது. அதிலிருந்து மூண்ட கிளர்ச்சி ஆறாண்டுகள் நடந்து, 1985 ஆகஸ்டு 15-ஆம் நாள் உடன்பாட்டில் முடிந்தது. 1971 மார்ச்சு 24-க்குப் பின் வந்தோரைக் கண்டறிந்து வெளியேற்றுவது என்பது அதன் கரு. தம் மொழி தம் வீட்டிலேயே ஒதுங்கி நிற்கும் நாள் வந்துவிடுமோ என்று ஓரினம் அஞ்சுவதைத் தமிழராகிய நாம் எள்ளி நகையாடுதல் தகாது.

எந்த நாடும் தன் எல்லையைத் திறந்து போட்டுவிட்டு இருக்க இயலாது. ஆதலின் சட்டம் வேண்டும். மெய்ப்பிக்கும் சுமையை அச்சட்டம் யார் தோளில் ஏற்றுகிறது என்பதையே நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். ஒருவனைத் திருடன் என்று பிடித்தால், அவன் திருடியதை மெய்ப்பிப்பது சர்க்காரின் கடன். 1946-ஆம் ஆண்டின் அயலார் சட்டமோ, தன் 9-ஆம் பிரிவில், ‘நான் அயலான் அல்லன்’ என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை அம்மனிதன் மீதே வைத்தது. அதனிடத்தில் வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. இடையே 1983-இல் அஸ்ஸாமுக்கெனப் பிறந்த தனிச் சட்டம் ஒன்று சுமையை மறுபக்கம் மாற்றிப் பார்த்தது. அதனாலும் பயன் விளையவில்லை. 2000 ஏப்ரல் முடிய 10,015 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியோர் எனத் தீர்மானிக்கப்பெற்றும், வெளியேற்றப்பெற்றோர் 1,481 பேரே. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தனிச் சட்டம் செல்லாதென்று தள்ளியது. சுமை மீண்டும் குடிகளின் தோளுக்கே வந்தது.

அச்சுமை ஒரு சிற்றூரில் எவ்வாறு இறங்குகிறது என்று காண்போம். மாநிலப் போலீசின் எல்லைப் பிரிவினர் ஐயுற்று எழுதுவர். அயலார் தீர்ப்பாயம் அறிவிப்பு விடுக்கும். ஆள் வரவில்லையெனில் ஒருதலைத் தீர்ப்பு. பிரம்மபுத்திராவின் நடுவே ‘சர்’ எனப்படும் மணல்திட்டுகளில் வாழ்வோரை எண்ணிப் பாருங்கள். ஒரு வெள்ளத்தில் ஆறு திட்டை விழுங்கும். குடும்பம் வேறு திட்டுக்குப் பெயரும். பெட்டியோடு பத்திரமும் போகும். அறிவிப்போ பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

பெண்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பள்ளி காணாமல், வாக்குரிமை வயது வருமுன்னரே மணமாகிக் கணவன் ஊர் சென்றவளின் பெயர், பட்டியலில் முதன்முதல் ஏறுவது கணவன் பெயரோடுதான். இன்னார் மகள் என்பதற்கு ஏடு ஏது? அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் மணத்துக்கு முன் ‘காத்தூன்’, மணமானபின் ‘பீபி’, கைம்மையுற்றபின் ‘பேவா’ எனப் பெயரின் பிற்பகுதி மாறும் வழக்கமும் உண்டு. ஒருத்தியே ஏட்டில் மூவராகிறாள். ஊராட்சிச் செயலர் தந்த சான்றையே பிறந்த வீட்டுக்கும் தமக்கும் இணைப்பாகக் காட்டிய பெண்கள் பல இலட்சம். அச்சான்று செல்லாதென்று 2017 பிப்ரவரியில் கௌஹாத்தி உயர்நீதிமன்றம் கூறிற்று. தக்க சரிபார்ப்புக்குப்பின் ஏற்கலாம் என்று டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. இடைப்பட்ட ஒன்பது மாதங்கள் அவ்வீடுகள் எவ்வாறு உறங்கின என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்லாது.

தமிழர்க்கு இது கேளாத கதையன்று. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தந்தை அங்குப் பிறந்ததையோ, பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்ததையோ காட்டச் சொன்னது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்க்குப் பிறப்புச் சான்று எழுதி வைத்தவர் யார்? மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, களத்து நெல்லைப் பங்கிடுவது போல் மனிதரைப் பங்கிட்டது.

அஸ்ஸாமின் குடிமக்கள் பதிவேட்டுக்கு 3,30,27,661 பேர் விண்ணப்பித்தனர். 2018 ஜூலை வரைவில் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோரும், 2019 ஆகஸ்டு 31-ஆம் நாள் வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேரும் விடுபட்டனர். தந்தை உள்ளே, மகன் வெளியே. அக்காள் உள்ளே, தங்கை வெளியே. முப்பதாண்டு இராணுவத்தில் பணி செய்து ஓய்வு பெற்ற ஒருவரையே 2019 மே மாதம் தீர்ப்பாயத்தின் சொல்லால் தடுப்பு முகாமில் அடைத்து, ஜூனில் உயர்நீதிமன்ற ஆணையால் பிணையில் விட்டனர் என்றால், ஏனையோரைப் பற்றிச் சொல்வானேன்?

வரைவில் இடம்பெற்றோர்மேல் எவரும் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம் என்றொரு விதி இருந்தது. மனுக்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. கொடுத்தவர் பலர் விசாரணைக்கு வரவேயில்லை. 2019 ஆகஸ்டுத் தொடக்கத்தில் மேற்கு மாவட்டத்தார் ஆயிரக்கணக்கானோர், ஓரிரு நாள் அவகாசத்தில், நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கிழக்கே சென்று மீண்டும் சான்று காட்டப் பணிக்கப்பெற்றனர். கைக்குழந்தையும் முதியோருமாகப் பேருந்தில் ஏறினர். தன்மேல் மனுக் கொடுத்தவன் அடுத்த வீட்டானோ என்று ஒவ்வொருவரும் ஐயுறும் ஊரில், சந்தையும் திருமணமும் முன்போல் நடைபெறுமா? எத்தனை பேர் வெளியேறினர் என்று கணக்கிடும் அறிக்கைகளில் இந்த இழப்புக்கு இடமில்லை.

நம்மைப் போன்றோர்க்கும் அங்கே ஒரு பாடு இருந்தது. பிற மாநிலங்களிலிருந்து சென்று குடியேறிய இந்தியர் கொடுத்த சான்றுகள், அந்தந்த மாநிலத்துக்குச் சரிபார்ப்புக்காக அனுப்பப்பெற்றன. விடை வராதவை மிகப் பல. தந்தை பெயரை ஓரெழுத்தாக முன்னே வைத்து, ‘ழ’கரத்தை ஆங்கிலத்தில் அலுவலகத்துக்கொரு விதமாய் எழுதும் தமிழரின் கதி இத்தகைய விசாரணையில் என்னவாகும் என்று இவ்வவையோர் ஒவ்வொருவரும் தத்தம் ரேஷன் அட்டையையும் பள்ளிச் சான்றையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பிறந்த ஊர் ஏடுகளைத் தேடி வாங்க எளியோர்க்கு உதவும் வேலையை நம் சங்கம் மேற்கொள்ளுமாயின், விழாவுக்குச் செய்யும் செலவில் ஒரு பகுதி அதற்குப் போதும்.

சுமை குடிமகன் மேலதே ஆயினும், தக்க காரணம் கையில் இன்றிக் கண்டவர் மேலெல்லாம் ஐயுற்று வழக்கிட அதிகாரிகளுக்கு உரிமையில்லை. ஐயத்தின் ஆதாரத்தை அவர்க்குக் காட்டல் வேண்டும். பெயரெழுத்திலும் தேதியிலும் காணும் சிறு வேறுபாட்டால் ஒருவர் அயலாராகி விடார் என்று 2024 ஜூலை 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் ஒருதலைத் தீர்ப்பால் அயலார் எனப்பட்ட ஓர் எளிய மனிதரின் வழக்கு அது. அவர் இந்தியரே என்று நீதிமன்றம் கூறியபோது, அவர் இறந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன.