ஆசிரியர் தரும் கால் பங்கு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இணையவழியில் தமிழ்ப் பாடம் ஒன்றை முதன்முதலாக அமைப்பது குறித்துச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். கவிஞர்கள் கூடிய அவையில் கணினியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று எண்ண வேண்டா. இது கற்பித்தலைப் பற்றிய பேச்சு. இவ்வட்டம் ஆற்ற வேண்டிய பணியொன்றைப் பற்றியதும் ஆகும்.

தமிழுக்கு இம்முயற்சி புதிதன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாட்டில், உலகத் தமிழர்க்கென இணையவழிப் பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. 2001 பிப்ரவரி 17ஆம் நாள் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் அது இன்று இயங்கி வருகிறது. அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர் முனைவர் வா.செ. குழந்தைசாமி அவர்கள். நீரியல் அறிஞரான அவர், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கித் தொலைநிலைக் கல்வியின் நுட்பங்களை அறிந்தவர். குலோத்துங்கன் என்னும் பெயரில் கவிதைகள் படைத்தவர்.

அன்று பாடம் அமைக்க முற்பட்டோர்க்கு எழுத்தே முதல் இடர். ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையைப் பின்பற்றிய காலம் அது. படிப்பவரின் கணினியில் உரிய எழுத்துரு இல்லையெனில் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஒருங்குறி பரவிய பின் அவ்விடர் நீங்கிற்று. மற்றோர் இடரோ இன்றும் நீங்கவில்லை. மாணவரின் முகம் ஆசிரியர்க்குத் தெரியாது என்பதே அது.

அக்குறையை ஈடுசெய்ய அவர்கள் கண்ட வழி கருதத்தக்கது. அந்நிறுவனத்தின் பட்டப்படிப்புப் பாடங்களைப் பாருங்கள். பாடம் எதைச் சொல்ல வருகிறது, அதனால் மாணவர் அடையும் பயன் யாது என்பன தொடக்கத்திலேயே கூறப்படும். இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்கள் நிற்கும். இறுதியில் தொகுப்புரை அமையும். வகுப்பறையில் ஆசிரியர் ஒரு பார்வையில் அறிந்துகொள்வதை, இங்கே முன்கூட்டியே எண்ணி எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

2020இல் கல்லூரிகள் மூடப்பட்டிருந்த வேளையில் நான் யாப்பிலக்கணத்திற்கு இணையவழிப் பாடம் அமைக்கத் தொடங்கினேன். அப்போது இதனை நேரில் உணர்ந்தேன். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும் என்பதை அறிவீர்கள். பசு, காசு இரண்டும் ‘சு’ என்றே முடிகின்றன. முன்னதில் உகரம் முழுமையாக ஒலிக்கிறது. ஆதலின் அது மலர் என்னும் வாய்பாட்டில் அடங்கும். பின்னதில் உகரம் அரை மாத்திரையாகக் குறுகுகிறது. எழுத்தில் தோன்றாத இவ்வேறுபாட்டைச் செவி அறிய வேண்டும். வகுப்பில் நான் சொல்லிக் காட்டுவேன், மாணவரைச் சொல்லச் செய்து கேட்பேன், திருத்துவேன். பதிவில் என் குரல் மாணவரைச் சென்று சேரும்; அவர் குரல் என்னை வந்து சேராது.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் இதற்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். பாடத்தை இருமுறை கேட்டால் பிழை பெரிதும் குறையும் என்றும், மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்கும் திறம் வாய்க்கும் என்றும் கூறுகிறார். இவ்வகையில் இணையப் பாடம் வகுப்பறையை வெல்கிறது. மும்முறையன்று, முப்பது முறை கேட்டாலும் அது சலிப்பதில்லை.

ஆனால் அவரே மேலும் ஒன்று உரைக்கிறார். ஆசிரியர் சொன்னதை மாணவர் நன்கு உள்வாங்கிக் கொண்டாலும், அதனால் வாய்க்கும் புலமை கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும். 13ஆம் நூற்றாண்டளவில் எழுந்த இக்கணக்கை இன்றைய பாடத்தோடு பொருத்திப் பாருங்கள். முதன்முறை பாடம் அமைப்பவர் தம் உழைப்பு அனைத்தையும் முதற் கால் பங்கிற்கே செலவிடுகிறார். ஒளிப்பதிவு, படக்காட்சி, குறிப்புரை யாவும் ஆசிரியர் தருவனவே. 2017இல் நடுவண் அரசு தொடங்கிய சுவயம் தளத்தின் பாடங்களில் காணொளி, படிப்புப்பகுதி, தன்மதிப்பீடு ஆகியவற்றோடு கலந்துரையாடலுக்கும் இடம் வகுத்துள்ளனர். போற்றத்தக்க ஏற்பாடு இது. எனினும் இடம் வகுப்பது எளிது. அவ்விடத்தில் ஒரு மாணவரைக் கூச்சமின்றிப் பேச வைப்பது அரிது. ஆகவே பாடம் அமைப்போர், ‘நான் என்ன சொல்லப் போகிறேன்?’ என்று கேட்பதற்கு முன், ‘மாணவர் யாரிடம் சொல்லப் போகிறார்?’ என்று கேட்டல் வேண்டும்.

நம் தருமபுரி மாவட்டத்திற்கு இக்கேள்வி மிகவும் உரியது. சித்தேரியிலோ வத்தல்மலையிலோ இருக்கும் ஒரு மாணவிக்குக் கைப்பேசி வழியே நன்னூல் உரை கிட்டிவிடலாம். தான் படித்த கவிதையைப் பற்றிப் பேச அவளுக்கு ஒருவர் கிட்டுவாரா? அந்த ஒருவரைக் கருவி தராது. இத்தகைய வட்டங்களே தர இயலும். பத்தாண்டுகளாக இங்கே நிகழ்ந்து வருவது என்ன? ஒருவர் கவிதை படிக்கிறார், மற்றவர் மறுத்துரைக்கிறார், மூன்றாமவர் விளக்குகிறார். நன்னூலார் சொன்ன முக்கால் பங்கும் இங்கே இருக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். கவிஞர்கள் தம் கவிதைகளைத் தம் குரலிலேயே பதிவு செய்து மாணவர்க்குத் தாருங்கள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, தாம் உணர்ந்தவாறு விளக்கிப் பதிவுசெய்து அனுப்புமாறு மாணவரைக் கேளுங்கள். வரும் பதிவுகளை ஒவ்வொரு கூட்டத்திலும் கால்மணி நேரம் ஒதுக்கிக் கேட்டு, நிறைகுறைகளை அவர்களுக்குச் சொல்லுங்கள். பாடத்தை அமைக்கும் பொறுப்பை என் போன்ற ஆசிரியர்கள் ஏற்போம். கேட்கும் பொறுப்பை வட்டம் ஏற்க வேண்டும். அதியமானும் ஔவையும் வாழ்ந்த தகடூர் மண்ணில் கவிதையைச் செவிமடுக்க ஆளில்லை என்ற நிலை எந்த மாணவர்க்கும் வரலாகாது.

பதினோராம் ஆண்டு இப்பணியோடு தொடங்குக என வாழ்த்தி அமைகிறேன்.