திறவுகோல் யாரிடம்?
(எத்தாளையில் ஆற்றிய உரை)



நமது கணக்கும் அங்கத்தவர் பதிவேடும் இன்று கணினியில் ஏறிவிட்டன. அவற்றைப் பலரும் பார்க்கிறோம். ஆனால் எதையும் அழிக்கவும், ஒருவரை உள்ளே விடவும், மற்றவரை வெளியே நிறுத்தவும் வல்ல உரிமை ஒன்று உண்டு. அதுவே நிர்வாகி உரிமை. அதனை யாரிடம் ஒப்படைப்பது?

தலைவருக்குக் கொடுப்பதே மரியாதை என்பர் சிலர். கணினி கற்ற வாலிபன் ஒருவனிடம் விட்டுவிட்டாற் போதும் என்பர் வேறு சிலர். இரண்டும் தகா.

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரசபையின் கணினி வலையமைப்புக்குரிய கடவுச்சொற்கள் ஒரே ஊழியரிடம் இருந்தன. அவர் அவற்றை மேலதிகாரிகளிடம் கொடுக்க மறுத்தார். அவர் சிறையிலிருந்தபோது மேயரே நேரிற் சென்று பெறவேண்டியதாயிற்று. வலையமைப்பு இயங்கியது, ஆனால் உடையவருக்கு அதன்மேல் ஆட்சி இருக்கவில்லை.

அது தூரதேசத்துச் செய்தி அன்றோ எனலாம். 2021ஆம் ஆண்டில் நமது நாட்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரசாங்கக் கணினித் தொகுதியிலிருந்து அழிந்துபோயின. அதனைப் பராமரித்த தனியார் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் கைதானார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். அழிக்கும் உரிமை யார் யாரிடம் இருக்கிறது என்பதை முன்னரே அறிந்திருத்தல் உடையவர் கடன்.

சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975ஆம் ஆண்டிலேயே இதற்கு வழி வகுத்தனர். ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு வேண்டிய உரிமை மாத்திரமே போதும். ஒரு திறவுகோலிலும் இரு திறவுகோல் கொண்ட பூட்டே நன்று என்றனர். உண்டியலை ஒருவர் தனியே திறக்கலாகாது என்று கண்ட நமக்கு இது புதிதன்று.

ஆகவே நிர்வாகி உரிமையைப் பொறுப்புள்ள இருவரிடம் கொடுப்போம். ஒருவர் பெரியவராகவும் மற்றவர் இளைஞராகவும் இருக்கட்டும். இருவருக்கும் வெவ்வேறு பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அப்போதுதான் யார் எதைச் செய்தார் என்பது தெரியும். அன்றாட வேலையை அவர்களும் சாதாரண உரிமையுடனேயே செய்யட்டும். பதிவுகளின் பிரதி மூன்றாமவரிடம் இருக்கட்டும். பதவி விலகுபவரின் உரிமை அன்றே நீங்கட்டும்.

உரிமை கிடையாதவர் அதனை அவமதிப்பென்று எண்ணலாகாது. கடலிலே தோணியின் சுக்கானை எல்லாரும் பிடிப்பதில்லை. பிடிப்பவருக்கு இயலாதபோது கைகொடுக்க இன்னொருவர் வேண்டும். நிர்வாகி உரிமை பட்டமன்று, சுமை. சுமக்க வல்லாரைத் தேர்ந்து, அவரையும் தனியே விடாதிருப்போமாக.